புளிச்ச கள்ளுக்கு இன்னொரு வாய்

ஆடி விடுமுறைக்கு வன்னி வந்துபோகும் எங்கள் பிள்ளைகளுக்கு,

பரந்தன் சந்தியில் வான் வந்து நிற்கும்போதே நீங்கள்தான் என்று தெரிந்துவிடும். ரொறன்ரோவோ லண்டனோ சூரிச்சோ, எங்கேயிருந்து வந்தாலும் கையில் தண்ணீர்ப் போத்தலும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் "எவ்வளவு மாறிப்போச்சு" என்ற பேச்சும் ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் இங்கிருந்து போனவர்கள் நீங்கள். இப்போது நாற்பதைத் தொடுகிறீர்கள். தமிழ் வாசிக்க மறந்திருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கோயில் திருப்பணிக்கோ பள்ளிக்கூட மதிலுக்கோ காசு கேட்கிற மடல் இல்லை, பயப்பட வேண்டாம். விஷயம் கள்ளு. அதிலும் புளிச்ச கள்ளு.

போன ஆடியில் என் மருமகன் பாரிசிலிருந்து வந்திருந்தார். மகளும் பேரப்பிள்ளைகளும் வற்றாப்பளைக் கோயிலுக்குப் போன அன்று, "மாமா, கள்ளுக் குடிக்க வேணும்" என்றார். எனக்குச் சந்தோஷம். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூநகரிப் பக்கம் ஒரு தவறணைக்குப் போனேன். மேலே தகரம், சுற்றிவர ஓலை, இரண்டு வாங்கு, மணல் தரை. பனங்கள்ளு முடிகிற காலம். அன்றைக்கு இறக்கியது விற்றுத் தீர்ந்து, முதல்நாள் மிஞ்சியதுதான் இருந்தது. எனக்குத் தேவையும் அதுதான். பிளாஸ்ரிக் குவளை வேண்டாம் என்று சொல்லி, ஓலையில் இரண்டு பிளா கோலுவித்து, ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. எழும்பி வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "பழுதாப் போச்சு மாமா. இனிப்பே இல்லை. பியர் ஏதும் எடுப்பமே?"

அந்தக் கள்ளை இறக்கிய அண்ணை வாங்கின் மறு நுனியில்தான் இருந்தார். அறுபது வயது தாண்டியவர். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் கையிலிருந்த பிளாவை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

புளிப்பே தெரியாத ஒருவர் அப்படித் துப்பியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் உலகத்திலேயே புளித்த பியர் எது, அதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் இதே மருமகன்தான். கதையை முழுக்கச் சொல்கிறேன், கேளுங்கள்.

2018 சித்திரையில் மகளிடம் பாரிசுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, லாச்சப்பலில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கிற ரயில் நிலையத்தில் ஏறினோம். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பிரசெல்ஸ். அங்கே இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்தால் ஆண்டர்லெக்ட் பகுதியில் காந்தியோன் என்று பியர் காய்ச்சும் ஓர் இடம். 1900 இல் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய அரிசி ஆலை மாதிரி. மருமகன் கோயிலுக்குள் போகிற மாதிரி அடக்கமாகப் போனார்.

மேல்தட்டில், கூரைக்கு நேர் கீழே, செம்பினால் செய்த ஒரு தட்டையான தொட்டி. கோதுமையும் முளைவிட்ட பார்லியும் அவித்து வடித்த சாற்றைக் கொதிக்கக் கொதிக்க அதில் ஊற்றி, இரவு முழுக்க அப்படியே திறந்து விடுவார்களாம். கூரையோரம் காற்றுப் போகப் பலகை இடைவெளி. அந்தக் காற்றில் மிதந்து வருகிற மதுவமும் பற்றீரியாவும் தாமாக விழுந்து, தாமாக நொதிக்க வைக்கும். மனிதன் ஒரு சொட்டு மதுவமும் போடுவதில்லை. வெக்கைக் காலத்தில் வேண்டாத கிருமி கூடிவிடும் என்று ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரைக்கும்தான் காய்ச்சுவார்கள். பீப்பாய்களுக்கு மேலே சிலந்தி வலை. தட்டமாட்டார்களாம், ஈ பூச்சியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வலையை விட்டிருந்தால் என் மனிசி என்னைத்தான் தட்டியிருப்பா.

இந்தப் பியருக்கு லாம்பிக் என்று பெயர். மரப் பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடக்கும். மூன்று வயதையும் கலந்து போத்தலில் அடைத்தால் அது கூஸ். புளிப்புச் செரிப்பழம் போட்டு ஊறவைத்தால் கிரீக். கீழே ஒரு மேசையில் கூஸ் ஊற்றித் தந்தார்கள். நல்ல பொன்னிறம், வெள்ளை நுரை. முதல் வாய் நாக்கை வெட்டியது. இரண்டாவது வாயில் தேசிக்காய்த் தோல் தெரிந்தது. மூன்றாவதில் பழைய மரப் பெட்டியும், அதற்கும் அடியில் மழையில் நனைந்த ஆட்டுக் கொட்டில் வாசமும். நான் பிளாவைத் தேடுகிற ஆள் மாதிரிக் கையைக் குவித்துக்கொண்டு இருந்தேன் போல. மருமகன் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இது எங்கட ரெண்டாம் நாள் கள்ளு" என்றேன்.

"சும்மா இருங்கோ மாமா, இது மூண்டு வருசம் பீப்பாயிலை கிடந்தது" என்றார்.

பிறகு, தான் எப்படிப் பழகினேன் என்று சொன்னார். வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவர் முதல்தரம் வாங்கிக் கொடுத்தபோது வாந்தி வரப் பார்த்ததாம். வெட்கத்தில் விழுங்கினாராம். இரண்டாந்தரமும் பிடிக்கவில்லை. ஐந்தாறு தரம் கழித்து ஒரு நாள் திடீரென்று நாக்குத் திறந்துகொண்டதாம். இப்போது மற்றப் பியர் எல்லாம் அவருக்குத் தண்ணி.

பிள்ளைகளே, என் கேள்வி இவ்வளவுதான். பிரசெல்ஸ்காரனுடைய புளிப்புக்கு ஆறு வாய்ப்புக் கொடுத்த நீங்கள், பூநகரிக்காரனுடைய புளிப்புக்கு ஏன் ஒரு வாயோடு துப்புகிறீர்கள்?

"இரண்டும் ஒன்றில்லை" என்பீர்கள். ஒன்றில்லைத்தான். ஆனால் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பாருங்கள். ஆண்பனையின் பாளையை நெரித்தும் பெண்பனையின் பாளையைத் தட்டியும் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியை வெற்றிலைத் தடிப்பில் சீவி, முட்டியைக் கட்டிவிடுகிறார்கள். சொட்டுகிற நீரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சீனி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது. அது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய மண்டியும் காற்றும் வண்டும் தேனீயும் கொண்டுவருகிற மதுவமும் பற்றீரியாவும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். கீழே இறங்கும்போதே அது பாதி கள்ளு. பிரசெல்ஸ்காரன் கூரையைத் திறந்துவிட்டுக் காற்றைக் கூப்பிடுகிறான். எங்கள் ஆள் அறுபது எழுபது அடி ஏறி, காற்று இருக்கிற இடத்துக்கே முட்டியைக் கொண்டுபோய்க் கட்டுகிறான்.

புளிப்பு எப்படி வருகிறது என்றால், முதலில் தயிரைப் புளிக்கவைக்கிற அதே இலற்றிக் அமிலம். கூடவே மதுவமும், சைமோமோனஸ் என்ற ஒரு பற்றீரியாவும் சீனியைத் தின்று வெறியை உண்டாக்கும். மெக்சிக்கோவில் கற்றாழை மாதிரி ஒரு செடியின் சாற்றில் இறக்கும் புல்கே என்ற வெள்ளைக் கள்ளிலும் இதே சைமோமோனஸ்தான். அரை நாளில் நூற்றுக்கு ஐந்து அளவில் வெறியம் ஏறிவிடும். அதாவது உங்கள் ரின் பியர் அளவு. அதற்குப் பிறகு காற்றோடு சேர்ந்து அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரி. அதுதான் மூக்கில் ஏறுவது. நல்ல புளிப்புக்கும் வினாகிரிக்கும் இடையில் ஒரு பொழுது இருக்கிறது. இரண்டாம் நாள் காலை என்று வையுங்களேன். எனக்கு அந்தப் பொழுது பிடிக்கும். இனிப்புப் போய், வினாகிரி இன்னும் வராமல், தயிரும் பழுத்த விளாம்பழமும் கொஞ்சம் பிரண்டையும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி.

எனக்கும் அது பிறந்த அன்றே பிடித்ததில்லை. பூநகரியில் என் அப்பாச்சி அப்பத்துக்கு மா கரைக்கிற நாட்களில் கால் போத்தலைக் கையில் தந்து கள்ளு வாங்கிவர விடுவா. "அடிமண்டியோட வாங்கி வா, தெளிஞ்சது வேண்டாம்" என்று சொல்லித்தான் விடுவா. மண்டியில்தான் மதுவம் இருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் படித்தவ இல்லை. வருகிற வழியில் ஒரு நாள் மூடியைத் திறந்து ஒரு வாய் விட்டேன். என் மருமகன் மாதிரித்தான், வேலியோரம் துப்பினேன். ஆனால் அடுத்த நாள் அப்பத்தின் நடுவில் பொங்கியிருந்த அந்த மெத்தென்ற வெள்ளையில் அதே புளிப்பு இருந்தது, அதை இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுச் சாப்பிட்டேன். நாக்கு ஏற்றுக்கொள்ள ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். பழஞ்சோற்றுத் தண்ணியும் சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் ஒடியல் கூழில் கரைக்கிற பழப்புளியும் தின்று வளர்ந்த வாய் உங்களுடையது. புளிப்பு உங்களுக்குப் பிறத்தியான் இல்லை.

பிறகு யார் பிறத்தியானாக்கியது? வெள்ளைக்காரனை முழுக்கக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். 1876 இல் பாஸ்ரர் பியரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் புளிப்பு ஒரு நோய். 1883 இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க்கில் ஹான்சன் என்பவர் ஒரே ஒரு மதுவக் கலத்திலிருந்து சுத்தமான மதுவத்தைப் பெருக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஒரே மாதிரித் தெளிந்த, ஒரே மாதிரிக் குளிர்ந்த, புளிக்காத பியர். நுவரெலியாக் குளிரில் காய்ச்சிய பியரும் பிறகு அந்த வழிக்குத்தான் வந்தது. புளித்தால் பழுது என்ற பாடம் அந்தப் போத்தலோடுதான் எங்கள் ஊருக்கு வந்தது. அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களே இப்போது அதை அழித்து எழுதுகிறார்கள். நீங்கள் மட்டும் பழைய கொப்பியை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

பெல்ஜியத்திலும் ஒரு காலம் இதே நிலைமைதான். 1960கள், 70களில் அங்கத்தைய ஆட்களுக்கும் புளிப்புப் பிடிக்காமல் போனது. சோடாவும் தெளிந்த லாகர் பியரும் நாக்கை இனிப்புக்குப் பழக்கிவிட்டன. கூஸ் செய்தவர்கள் பலர் இனிப்புக் கலந்து விற்றார்கள். இன்னும் பலர் கதவைச் சாத்தினார்கள். காந்தியோனில் அப்போது பொறுப்பாக இருந்தவர் அந்தக் குடும்பத்துக்கு மருமகனாக வந்த ழான்-பியர் வான் ருவா. (அங்கேயும் ஒரு மருமகன்தான், கவனியுங்கள்.) 1978 இல் அவர் காய்ச்சும் இடத்தையே ஒரு நூதனசாலையாகத் திறந்துவிட்டார். வந்து பாருங்கள், இப்படித்தான் செய்கிறோம், ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று. ஊர்க்காரர் கைவிட்ட புளிப்பை வெளியிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்தினார்கள். 1997 இல் லாம்பிக் செய்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 2016 இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டையே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இப்போது அந்த ஒரு போத்தலுக்கு நீங்கள் கொடுக்கிற காசுக்கு, இங்கே தவறணையில் வந்திருக்கிற எல்லோருக்கும் ஒரு சுற்று ஊற்றலாம்.

எங்கள் கதை அந்த 1970களிலேயே நிற்கிறது. நீங்கள் வரும்போது எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இனிப்புக் கள்ளு இருக்கோ?" விற்கிறவனுக்கு வியாபாரம். இனிப்புத்தான் போகிறது என்றால் இனிப்பாக்க வழி பார்ப்பான். பெயர் சொல்லமாட்டேன், ஒரு இடத்தில் என் கண்ணெதிரிலேயே சீனிப் பையை அவிழ்த்துக் கொட்டினார்கள். குடித்த எனக்கு அன்று இரவு முழுக்கத் தலையிடி. சீனித் தண்ணியைக் கள்ளென்று ஊற்றுகிற அந்தக் கை, உங்கள் நாக்கைப் பார்த்துத்தான் அசைகிறது. மறுபுறம், பொழுதுபட மிஞ்சுகிற நல்ல கள்ளு, புளித்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மணலில் ஊற்றப்படுகிறது. வினாகிரிக்குப் போனால் ஒரு பயன். அதுவும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை. கள்ளு என்றால் நாங்கள் முகம் சுளிப்பது புளிப்புக்காக மட்டும் இல்லை. அதை இறக்குகிறவரின் சாதிக்காகவும்தான். என் அப்பு அந்த அண்ணையின் தகப்பனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டவர். கள்ளு மட்டும் வேண்டும், இறக்கியவன் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். கே. டானியல் தன் நாவல்களில் எழுதிய உலகம் யாழ்ப்பாணத்தோடு முடிந்துபோகவில்லை, ஆனையிறவைத் தாண்டி இங்கேயும் வந்தது. 1972 இல் தவறணைக் குத்தகை முறை போய்க் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது சீவல் தொழிலாளி தன் கள்ளைத் தானே அங்கத்தவனாக இருந்து விற்கிற நிலை வந்தது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும், சங்கத்தின் மேசையில் கிடைத்த மரியாதை ஊரின் திண்ணையில் இன்னும் முழுக்கக் கிடைக்கவில்லை. பிரசெல்சில் பீப்பாய் உருட்டுகிறவரோடு தோளில் கைபோட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறார் என் மருமகன். பூநகரியில் பனை ஏறுகிறவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2009 க்கு முதல் இங்கே இருந்த பனைகளில் எத்தனை பதுங்குகுழிக்குக் குற்றியாகப் போயின, எத்தனை ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்றன என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அந்தக் குற்றிகளுக்குக் கீழே படுத்து எழும்பியவர்கள். முகாமிலிருந்து திரும்பி வந்து 2010 இல் நட்ட பனங்கொட்டை பாளைவிட பதினைந்து, இருபது வருடம் வேண்டும். அந்த வடலிகள் இப்போதுதான் பாளை தள்ளுகிற வயதுக்கு வருகின்றன. மரம் வந்துவிட்டது, ஏற ஆள் இல்லை. ஏறுகிறவரின் மகன் கிளிநொச்சி ரவுணில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான், அல்லது கட்டார் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தகப்பனின் கள்ளைத் துப்புகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் அவன். தமிழ்நாட்டில் பனை மாநில மரம், ஆனால் கள்ளிறக்க 1987 முதல் தடை. இங்கே தடை இல்லை, சங்கம் இருக்கிறது, மரம் இருக்கிறது. மதிக்கிற வாய்தான் குறைகிறது.

இதை வாசிக்கிற பெண்கள் சிலர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. குடியால் அழிந்த வீடுகள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கசிப்பு குடித்துக் கண் மங்கியவரையும், புருசன் சம்பளத்தை வைன் கடையில் போட்டுவிட்டு வர, பிள்ளைகளோடு தனியக் கிடந்து உத்தரிக்கிற தாயையும் எனக்குத் தெரியும். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லி இந்த மடல் இல்லை. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கள்ளு விட்ட அப்பம் சாப்பிட்டால் போதும். எப்படியும் குடிக்கத்தான் போகிற நீங்கள், விமானத்திலேயே ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வருகிற நீங்கள், எதைக் குடிக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். குடித்துவிட்டு ஏ9 இல் வாடகைக் கார் ஓட்டவும் கூடாது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

இனி நான் கேட்பதைக் கேட்கிறேன்.

அடுத்த முறை வரும்போது, முடிந்தால் பங்குனியிலோ சித்திரையிலோ வாருங்கள். வெயில் கொளுத்தும், ஆனால் பனங்கள்ளு நிறைந்து இருக்கும். முடியாவிட்டால் ஆடியிலேயே வாருங்கள். பனை ஓய்ந்தாலும் பளைப் பக்கம் தென்னங்கள்ளு இருக்கும். காலை எட்டு மணிக்குச் சங்கத் தவறணைக்குப் போய் ஒரு போத்தல் உடன் கள்ளு வாங்குங்கள். உடனே ஒரு வாய். இனிப்பாக இருக்கும், உங்களுக்குப் பிடிக்கும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிழலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வெடித்துச் சுவர் முழுக்க அடிக்கும், பட்டவன் சொல்கிறேன். மத்தியானம் இன்னொரு வாய். பொழுதுபட இன்னொன்று. அடுத்த நாள் விடிய ஒன்று. ஒரே கள்ளு ஒரே நாளில் எப்படி வளர்கிறது என்று உங்கள் நாக்கே பின்தொடர்ந்து போகும். இரண்டாம் நாள் வாயைத் தனியக் குடிக்க முடியாவிட்டால் இரணைமடு மீன் பொரியலோடு, நந்திக்கடல் இறாலோடு, சுட்ட கருவாட்டோடு குடியுங்கள். உப்பும் உறைப்பும் அந்தப் புளிப்பைப் பிடித்து நிறுத்தும். ஜேர்மன்காரன் தன் புளிப்புப் பியருக்குள்ளேயே உப்பும் கொத்தமல்லியும் போட்டுக் கோசே என்று குடிக்கிறான். எங்களுக்கு அது பக்கத்துத் தட்டில் இருக்கிறது.

'இனிப்பு இருக்கோ' என்று கேட்காதேயுங்கள். 'நேத்தையான் இருக்கோ' என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், அடுத்த நாள் அது மணலில் ஊற்றப்படாது.

உங்களில் சிலர் வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சுகிறவர்கள் என்று கேள்விப்படுகிறேன். உங்களிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டும். எங்கள் கள்ளு ஏன் மூன்று வருடம் நிற்காமல் மூன்றாம் நாளே வினாகிரியாகிறது என்றால் பெரும்பாலும் காற்றுத்தான் காரணம். பீப்பாய்க்குள் லாம்பிக்கின் மேல் ஒரு ஆடை படிந்து காற்றைத் தடுக்கும். எங்கள் பிளாஸ்ரிக் கானுக்கு மூடியே ஒழுங்காக இல்லை. வாயு வெளியே போய், காற்று உள்ளே வராத ஒரு சின்ன அடைப்பானும், அமிலம் அளக்கிற தாளும், அழுத்தம் தாங்கும் கண்ணாடிப் போத்தலும் உங்கள் பெட்டியில் ஒரு மூலையில் அடங்கும். சொக்லேற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டுவாருங்கள். போத்தலில் அடைத்த பனங்கள்ளு வடக்கில் ஏற்கெனவே விற்பனையில் உண்டு. ஆனால் அது புளிப்பை நிறுத்தி அடைத்தது. நான் கேட்பது புளிப்பை வளர்த்து அடைப்பது. சட்டம் இருக்கிறது, ஆகையால் தனியாக வீட்டில் செய்யாமல் சங்கத்தோடு இருந்து, அனுமதியோடு, நாலைந்து போத்தலில் தொடங்கிப் பாருங்கள். பழுதாகப் போகலாம். பிரசெல்சிலும் எத்தனையோ பீப்பாய் பழுதாகத்தான் போகிறது.

அதற்கு முதல் ஒரு வேலை. வாங்கில் பக்கத்தில் இருக்கிறவரிடம் பெயர் கேளுங்கள். எந்த மரம், எத்தனை மரம், எந்த வயதில் ஏறத் தொடங்கினார் என்று கேளுங்கள். 'அண்ணை' என்று கூப்பிடுங்கள்.

என் மருமகனும் இந்த முறை வருகிறாராம். போன மாதம் தொலைபேசியில் மெல்லக் கேட்டார், "மாமா, அந்த அண்ணை என்னிலை கோவமோ?" என்று. கோபமோ இல்லையோ எனக்குத் தெரியாது, நீங்களே வந்து கேளுங்கள் என்றேன். தவறணைக்காரரிடம் நேத்தையான் ஒரு போத்தல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று பிளா கோலுவம்.

அன்புடன்,
பூநகரியிலிருந்து உங்கள் மாமன்மாரில் ஒருவன்